மாற்றாத மதர்போர்டுக்கு 7,400 ரூபாய்: கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

திருச்சியில் நூல்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் வேலையைப் பதினான்கு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். 2021இல் பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திய என் கணினி, சென்ற ஆவணி மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நீலத்திரை (விண்டோஸ் பிழையால் நின்றுபோகும்போது வரும் திரை) காட்டி நின்றுபோகத் தொடங்கியது. ஒரே கடையில் மூன்று முறை கொடுத்து, 10,700 ரூபாய் செலவழித்து, பத்தொன்பது வேலை நாள்களை இழந்த பிறகுதான், பழுது ஒரு ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) இருந்தது என்பதையும், மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கப்பட்ட மதர்போர்டு (மற்ற பாகங்கள் பொருந்தும் முதன்மைப் பலகை) மாற்றப்படவே இல்லை என்பதையும் நானே கண்டுபிடித்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் முறை கொண்டுபோனபோது, கணினியைத் திறந்துகூடப் பார்க்காமல் "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு சார், ஃபார்மட் பண்ணாச் சரியாயிடும்" என்றார்கள். 700 ரூபாய். வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே பழையபடி நின்றது. இரண்டாம் முறை, கடைப் பையன் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்புக் குறியோடு வரிசையாக இருந்த 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவுகளைக் காட்டி, "பவர்னு அதுவே சொல்லுது பாருங்க" என்று சொல்லி, மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றி 2,600 ரூபாய் வாங்கினார். அந்த விளக்கத்தை நான் அப்படியே நம்பினேன். உண்மையில் அந்தப் பதிவு, கணினி முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது. மின்சாரம் போனாலும் வரும், நீலத்திரை வந்தாலும் வரும். அதன் விவரப் பகுதியில் 'பக்செக் கோட்' என்ற இடத்தில் சுழியம் இருந்தால்தான், மின்வழங்கியையோ கணினி முழுவதுமாக உறைந்துபோனதையோ முதலில் சந்தேகிக்க வேண்டும். என் கணினியில் அந்த இடத்தில் சில பதிவுகளில் 26 என்றும் சிலவற்றில் 80 என்றும் இருந்தன. 26 என்பது மெமரி மேனேஜ்மென்ட் பிழை, அதாவது நினைவகத்தைக் கையாள்வதில் வரும் பிழை. 80 என்பது நினைவகத்தில் இல்லாத தரவுப் பக்கத்தைத் தேடும்போது வரும் பிழை. பழுதுபட்ட டிரைவர் மென்பொருளும் இவற்றை உண்டாக்கக்கூடும் என்றாலும், புதிதாக விண்டோஸ் பதிந்த கணினியில் இப்படி மாறி மாறி வந்தால் ராமைச் சோதிக்காமல் வேறு எதையும் தொடக்கூடாது. அவர்கள் ராமைக் கழற்றி மாட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை ஐந்து நாள் வைத்திருந்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், வேற போட்டிருக்கோம்" என்றார்கள். 7,400 ரூபாய். பில் கேட்டபோது, பில் வேண்டுமென்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனியாகத் தர வேண்டும் என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பழைய போர்டைக் கேட்டதற்கு, அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த இரண்டு பதில்களையும் கேட்ட பிறகாவது நான் பணத்தைக் கொடுக்காமல் நின்றிருக்க வேண்டும். மறுநாள் தர வேண்டிய ஒரு நூலின் மெய்ப்பு மனத்தில் இருந்ததால் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்றிரவே நீலத்திரை மீண்டும் வந்தது.

நண்பர் ஒருவரின் யோசனைப்படி, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸைத் தொடங்காமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்கினேன். இரண்டு 8 ஜிபி ராம்களும் இருக்கும்போது, ஒரு மணி நேரத்திற்குள் திரையில் சிவப்பு வரிகள் வந்தன. நல்ல ராமில் ஒரு பிழைகூட வரக்கூடாது. பிறகு ஒவ்வொன்றாகத் தனியே மாட்டிச் சோதித்தேன்: ஒன்று இரவு முழுவதும் ஓடியும் பிழை காட்டவில்லை, மற்றொன்று, போர்டில் ராம் பொருத்தும் இரண்டு ஸ்லாட்டுகளிலுமே பிழை காட்டியது. நல்ல ராமை அதே இரண்டு ஸ்லாட்டுகளிலும் மாற்றி வைத்தபோது பிழையே இல்லை. ஆகவே ஸ்லாட்டிலோ போர்டிலோ குறையில்லை, குறை அந்த ஒரு ராமில்தான் என்பது இரண்டு இரவுகளில், ஒரு ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிட்டது. பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்தச் சோதனை தெரியாது என்று நான் நம்பவில்லை.

அப்போதுதான் வேறொரு கேள்வி எழுந்தது. விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு, குறிப்பாக மதர்போர்டோடு, இணைந்தது. போர்டை மாற்றினால் பெரும்பாலும் மறுபடியும் ஆக்டிவேட் செய்யச் சொல்லும். என் கணினி எதுவுமே கேட்கவில்லை. பரணில் இருந்த 2021ஆம் ஆண்டு அட்டைப்பெட்டியை எடுத்து, அதன் மேல் ஒட்டியிருந்த வரிசை எண்ணைக் கணினிக்குள் இருந்த போர்டின் எண்ணோடு ஒப்பிட்டேன். கடைசி எழுத்து வரை ஒன்றாகவே இருந்தது. அதே போர்டைத் துடைத்துப் பொருத்திக் கொடுத்துவிட்டு, புதியதற்கான விலையை வாங்கியிருக்கிறார்கள்.

படங்களோடு கடைக்குப் போனபோது, முதலில் பையன் மேல் பழியைப் போட்டார்கள். பிறகு அது 'சர்வீஸ் சார்ஜ்' என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். பயன் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைதான்; அதற்குத் தனியாக வரி கேட்டார்கள் என்பதால் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னிடம் துண்டுச் சீட்டும், ஜிபே மூலம் பணம் அனுப்பிய பதிவும், அட்டைப்பெட்டியும் இருந்ததால் மட்டுமே மனு கொடுக்க முடிந்தது. கணினியைக் கடையில் கொடுக்கும் முன், பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, போர்டு, ராம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றின் வரிசை எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்படைப்புச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுதான ராமை, வாங்கியபோது கொடுத்த பில்லோடு தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் கொடுத்தேன். வாரண்டி இருந்ததால் பன்னிரண்டு நாளில் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு நான்கு மாதமாகக் கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறொன்று. பழுதான ராம் கணினியை நிறுத்துவதோடு விடுவதில்லை. அதன் வழியாகப் போய்வரும் கோப்புகளில் ஓசையில்லாமல் பிழைகளை எழுதிவிடுகிறது. ஃபார்மட் செய்வதற்கு முன் அதே கணினியிலிருந்துதான் எல்லாவற்றையும் வெளி வட்டுக்கு நகலெடுத்தேன். அவற்றில் மூன்று நூல்களின் கோப்புகள் திறக்கவே இல்லை. திறந்த ஒரு நூலில் சில பக்கங்களின் எழுத்துகள் சிதைந்திருந்தன. முதல் நாளே ராமைச் சோதித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. மற்ற நூல்களின் கோப்புகளை அச்சுப் படிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினோரு நூல்கள் மீதமிருக்கின்றன.