பல் பிடுங்க ஜி.ஹெச். போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அம்மாவின் கீழ்க் கடவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதற்காக மூன்று முறை எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், மூன்று முறையும் பல்லோடேயே திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. போட்டால் அங்கே இருக்கும் ஒரே ஒரு பல் டாக்டரம்மாவின் தலையில்தான் விடியும். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. கோபம் எதன் மேல் என்பதைப் படித்தால் தெரியும்.

அம்மாவுக்கு 67 வயது. பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இடது கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. கிராம்பு, உப்புத் தண்ணீர், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த வலி மாத்திரை எல்லாம் ஆன பிறகு, செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றோம். சீட்டு எட்டு மணிக்குள் கிடைத்துவிட்டது. டாக்டரம்மா வந்தபோது பத்தேகால். பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை முகாமாம். இது வாசலில் காத்திருந்த யாருக்கும் தெரியாது, சிஸ்டருக்கு மட்டும் தெரியும்.

பல் நாற்காலிக்கு மேலே இருக்கும் லைட் எரியவில்லை. "சார், உங்க செல்லுல டார்ச் அடிங்க, கொஞ்சம் கிட்ட வாங்க" என்றார் டாக்டர். அம்மாவின் வாயை முதன்முதலாக அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தேன். கடவாய்ப் பல்லில் ஒரு பாதி கரைந்து போய், பச்சரிசி அளவுக்கு ஒரு கருங்குழி. எக்ஸ்ரே கேட்டதற்கு, "மெஷின் இருக்கு, ஃபிலிம் இல்ல" என்றார். சீழ் இருக்கும்போது மரத்துப்போகிற ஊசி சரியாக ஏறாது, வீக்கம் வடியட்டும், வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லி மாத்திரை எழுதினார். அது சரியான வைத்தியம்தான் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாத்திரையை உறை இல்லாமல் அம்மாவின் முந்தானையில் போட்டார்கள். "மஞ்சள் மூணு வேளை, வெள்ளை வலிச்சா மட்டும்." அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குள் எது எத்தனை வேளை என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைதான் கதையே. வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. சர்க்கரையும் பி.பி.யும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். லேப் கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது. ரிசல்ட் வரப் பதினோரு மணி. பதினொன்று நாற்பதுக்கு அம்மாவை நாற்காலியில் சாய்த்தார்கள். டாக்டரம்மா கிளவுஸ் மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். சிஸ்டர் அலமாரியைத் திறக்காமலே சொன்னார்:

"லோகல் தீர்ந்துடுச்சு மேடம். நேத்தே சொன்னேன்ல?"

லோகல் என்றால் அந்த மரத்துப்போகிற ஊசி மருந்து. அது இல்லாமல் பல் பிடுங்க முடியாது. நேற்றே தெரியும் என்றால், காலை ஏழரையிலிருந்து வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருபது பேரிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கலாமே? எனக்குக் கோபம் இதன் மேல்தான். மருந்து இல்லாமல் போவது நடக்கக்கூடியது. இல்லை என்பதை நான்கு மணி நேரம் பொத்தி வைத்திருந்து சொன்னதைத்தான் என்னால் இன்னமும் தாங்க முடியவில்லை.

சிஸ்டர் ஒரு துண்டுத் தாளில் மருந்து பெயரை எழுதி, "வெளியில வாங்கிட்டு வந்தீங்கன்னா இப்பவே எடுத்துடலாம்" என்றார். தாளில் ஆஸ்பத்திரி முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, அம்மாவின் பெயர்கூட இல்லை. கதவருகே நீலச் சட்டை போட்ட ஒருவர் காலையிலிருந்தே நின்றுகொண்டிருந்தார். வரிசையை ஒழுங்குபடுத்தினார், ஒரு பாட்டியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஆஸ்பத்திரி ஆள் என்றுதான் நினைத்தேன். "அம்மாவை வுட்டுட்டு எங்க அலையப் போறீங்க? குடுங்க, நான் வாங்கியாறேன். முந்நூத்தம்பது ஆவும்" என்றார். கொடுத்துவிட்டேன். அவர் மருந்தோடு திரும்பியபோது பன்னிரண்டேகால். ஓ.பி. நேரம் முடிந்து, டாக்டரம்மா வார்டுக்குப் போய்விட்டார். மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை வாங்க என்றார்கள்.

வரும் வழியில் மருந்துக் கடையில் கேட்டேன். அதே 30 மி.லி. குப்பி, ஐம்பது ரூபாய்க்கும் கீழே. நீலச் சட்டைக்காரர் ஆஸ்பத்திரி ஆளே இல்லை என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை போனோம். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்த பிறகு சிஸ்டர் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அது சனிக்கிழமையும் இன்னிக்குமா தீர்ந்துடுச்சே சார்" என்றார். நான் வாங்கிக் கொடுத்த குப்பி! ஒரு பல்லுக்கு ஏறக்குறைய 2 மி.லி. போதும். கணக்குப் போட்டால் பதினைந்து பேருக்கு வரும். "பேர் எழுதி வைக்கலையே சார், நாங்க என்ன பண்றது?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வலியில் துடித்து வந்த பதினைந்து பேருக்கு அவர் இல்லை என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிட்டார்.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டே, "நம்ம காசுல ஊருக்கே பல்லு புடுங்கியாச்சு, வா போலாம்" என்றார்.

நீலச் சட்டைக்காரர் வாசலில் அன்றைக்கும் இருந்தார். "எங்க அண்ணன் கிளினிக் பக்கத்துலதான், என் பேரைச் சொன்னா பாதி ஃபீஸ்." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயும் போனேன். மாடிப்படி ஏறினால் ஒரு அறை. பலகையில் "பல் கட்டப்படும்" என்று இருந்தது. டாக்டர் பெயர் இல்லை, படிப்பு இல்லை, பதிவு எண் இல்லை. மேஜையில் மூடி திறந்த சலைன் பாட்டில் ஒன்று பாதி காலியாக நின்றது. அதைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. 2023-இல் வாணியம்பாடியில் ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனவர்களில் 8 பேர் மூளையைத் தாக்கும் கிருமித் தொற்றில் இறந்ததும், திறந்து வைத்த சலைன் வழியாகத்தான் அது பரவியிருக்க வேண்டும் என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னதும் 2025-இல் செய்தியாக வந்தது நினைவிருக்கிறதா? அம்மாவை அப்படியே கீழே இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். உட்கார்ந்ததற்கு 200 ரூபாய் கேட்டார்கள். கொடுத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சிதம்பரம் அரசு பல் மருத்துவக் கல்லூரி. எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு, கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் விழுந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். அரசு பல் மருத்துவக் கல்லூரி சென்னையில் ஒன்று, சிதம்பரத்தில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பஸ் செலவைப் பார்க்காதீர்கள். தனியார் பல் கல்லூரிகளிலும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில், கிளினிக்கை விடக் குறைந்த செலவில் செய்கிறார்கள். நேரம்தான் அதிகம் ஆகும்.

உள்ளூர் ஜி.ஹெச்.சுக்கே போவதென்றால், சீட்டு வரிசையில் நிற்கும் முன்னால் ஒருவர் நேராகப் பல் அறைக்குப் போய் சிஸ்டரைப் பிடியுங்கள். லோகல் இருக்கிறதா, டாக்டர் இன்றைக்கு முகாம் போகிறாரா, எக்ஸ்ரே எடுப்பார்களா. இல்லை என்ற பதிலைக் காலை ஏழரைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். பதினொன்று நாற்பதுக்கு வரும் இல்லைக்கு வேறு ஊர் பஸ் கிடைக்காது. வெளியே வாங்கச் சொன்னால் ஓ.பி. சீட்டிலேயே எழுதிக் கேளுங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம். வாங்கினால் நீங்களே போய் வாங்கி, பில்லோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போலக் குளிர்பெட்டியை நம்பாதீர்கள்.

இன்னொன்று. வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினால், வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால், பல் ஓ.பி.யில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். மூச்சையே அடைத்துவிடும். சர்க்கரைக்காரர்கள் இதில் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

மருந்து ஏன் இல்லாமல் போகிறது என்று தெரிந்த பார்மசிஸ்ட் ஒருவரிடம் கேட்டேன். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் மாதிரி ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்க் காப்பியடித்த ஏற்பாடு அது. "கிடங்குல இருக்கும் சார், இங்கேருந்து இன்டென்ட் போடணும்ல? காய்ச்சல் மாத்திரைக்குப் போடுவாங்க, பல்லு கடைசிதான்" என்றார். இன்டென்ட் என்றால் இந்த மருந்து இவ்வளவு வேண்டும் என்று கிடங்குக்கு எழுதிக் கேட்பது. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்து புகார் கொடுத்தேன். தேதி, நேரம், ஓ.பி. எண் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது அங்கேதான் உதவியது. நிலைய மருத்துவ அலுவலருக்கும் ஒரு கடிதம் எழுதி, வாங்கிக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். அதில் நீலச் சட்டைக்காரரைப் பற்றியும் இருக்கிறது.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், லோகல் வந்துடுச்சு. அம்மாவை அழைச்சிட்டு வாங்க, எடுத்துடலாம்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, பல் போன பள்ளத்தை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி பாட்டில் வந்துருக்குன்னு கேளு" என்றார்.