ஜோன் ஆஃப் ஆர்க்: எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போய்ப் பிடிபட்ட குடியானவப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க். வானத்துக் குரல்கள் தன்னோடு பேசுவதாகச் சொன்ன அவளைத் திருச்சபை மன்றம் பிரான்சின் ரூவான் நகரில் விசாரித்தது. அவளைப் பற்றிய நாடகமோ நாவலோ கையில் கிடைத்தால், நேராக அந்த ரூவான் சிறைப் பக்கங்களைப் புரட்டுங்கள். சரக்கு எப்படி என்று அங்கேயே தெரிந்துவிடும். 1431 மே 24 அன்று ஊர் நடுவே மேடையேற்றி மிரட்டியதில், தான் கேட்ட குரல்களை மறுத்து ஒரு தாளில் குறியிட்டாள். ஆயுள் சிறை என்றார்கள். 28ஆம் தேதி போய்ப் பார்த்தால், இனி போடமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட ஆண் உடை மறுபடி அவள் மேல். குரல்கள் திரும்பவும் பேசின என்கிறாள். அந்தப் பதிலின் ஓரத்தில் எழுத்தர் லத்தீனில் இரண்டே சொல் குறித்தார்: கொல்லும் விடை. 30ஆம் தேதி எரித்துவிட்டார்கள்.

இந்த ஆறு நாளில் அவள் மனம் ஏன் திரும்பியது? ஒவ்வொரு எழுத்தாளரும் தன் கைவரிசையைக் காட்டுவது இந்த இடத்தில்தான்.

முதலில் வாங்க வேண்டியது பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்'. 1923 கடைசியில் நியூயார்க்கில் மேடையேறியது. ஆறாம் காட்சிக்கு மே 30 என்று தேதி போட்டு, ஆறு நாளையும் அதற்குள் அடைத்துவிடுகிறார். பணிகிறாள், ஆயுள் சிறை என்று கேட்கிறாள், தாளைக் கிழிக்கிறாள், வெளியே நெருப்பு. ரொட்டியும் தண்ணீரும் போதும், ஆனால் மரத்தில் காற்றடிக்கும் ஓசையும் வெயிலில் பாடும் வானம்பாடியும் பனியில் கத்தும் ஆட்டுக்குட்டியும் இல்லாமல் முடியாது என்று அவள் பேசும் இடம் அபாரம். ஆனால் விலை கொடுத்து வாங்கிய அபாரம் அது. அசல் விசாரணைப் பதிவேட்டில் இருக்கும் ஜோன் கால் விலங்கைப் பற்றித்தான் பேசுகிறாள்; விலங்கோடு கிடப்பதைவிடச் சாவதே மேல் என்கிறாள். ஷாவின் மேடையிலும் கால் விலங்கு உண்டு, ஆனால் அவள் முடிவில் அந்த இரும்பின் கனம் இல்லை.

வில்லன் என்று யாரையும் வைக்காததுதான் ஷாவின் பெரிய பலம். எரிக்க வேண்டும் என்று மற்றவர்களைவிட உரக்கக் கத்தும் ஆங்கிலப் பாதிரியே, எரிவதைப் பார்த்துவிட்டு நொறுங்கிப்போய் ஓடிவருகிறார். நீண்ட முன்னுரையை நாடகத்துக்குப் பிறகு படியுங்கள். முன்னால் படித்தால் ஜோன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஷாவின் தாடிதான் தெரியும். 1456இல் நடக்கும் பின்னுரைக் காட்சி இல்லாத பதிப்பு என்றால் வாங்கவே வேண்டாம். நான் உயிரோடு திரும்பி வரட்டுமா என்று அவள் கேட்க, இவ்வளவு நேரம் புகழ்ந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவும் இடம் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது ழான் அனுயின் பிரெஞ்சு நாடகம் (1953). விசாரணை மன்றத்திலேயே ஜோனின் கதையை நடித்துக் காட்டுவதாக அமைப்பு. மனம் மாறுவதற்கு இவர் தரும் காரணம் யாரும் எதிர்பாராதது. பிழைத்துக்கொண்டால் என்ன ஆவேன் என்று அவள் நினைத்துப் பார்க்கிறாள்: அரண்மனையில் சின்னதாய் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, தொந்தி விழுந்து, எதற்கும் தலையாட்டும் ஜோன். அந்தக் கிழவியைச் சகிக்க முடியாமல்தான் நெருப்பைக் கேட்கிறாள். கடைசியில் ஒருவர் ஓடிவந்து, ஜோன் முன்னின்று நடத்திவைத்த பிரெஞ்சு மன்னனின் முடிசூட்டு விழாவை இன்னும் நடிக்கவில்லையே என்று கத்த, அடுக்கிய விறகைக் கலைத்துவிட்டு அந்த விழா நடந்த ரீம்ஸ் தேவாலயத்தோடு முடிக்கிறார்கள்.

வாங்கும்போது கவனம்: இந்த நாடகத்துக்கு ஆங்கிலத்தில் 'தி லார்க்' என்ற ஒரே பெயரில் இரண்டு வடிவம் உண்டு. கிறிஸ்டோபர் ஃப்ரையுடையது மொழிபெயர்ப்பு. லிலியன் ஹெல்மனுடையது வெட்டித் தைத்த தழுவல். ஃப்ரையை எடுங்கள். ஷாவும், அடுத்து வரும் மார்க் ட்வைனும் இந்தியாவில் காப்புரிமை தீர்ந்தவர்கள், காசு செலவழிக்காமலே படிக்கலாம். அனுய் அப்படியல்ல.

மார்க் ட்வைனின் நாவலை (1896) மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கினால் குடி முழுகிவிடாது. விசாரணையைப் பதிவேட்டை ஒட்டியே எழுதியிருக்கிறார். 'நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா?' என்ற கேள்வி ஒரு கண்ணி. ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். 'இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்க்கட்டும், இருந்தால் அதிலேயே வைத்திருக்கட்டும்' என்றாள், எழுதப்படிக்கத் தெரியாத பெண். பெண் உடையைக் காவலர்கள் ஒளித்து வைத்ததால்தான் ஆண் உடை என்பது ட்வைன் எடுக்கும் கட்சி. பிற்கால மறுவிசாரணையில் அப்படிச் சாட்சியமும் உண்டு. குறை என்னவென்றால், இவருடைய ஜோனுக்குக் கோபதாபம், அசட்டுத்தனம் எதுவும் கிடையாது. பூஜை அறைப் படம்.

ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரிடம் (1801) அந்த ஆறு நாளே இல்லை. எதிரித் தளபதி மேல் காதல், அறுந்து விழும் சங்கிலி, போர்க்களத்தில் கொடியோடு மரணம். வரலாறு தேடிப் போகாதீர்கள்.

ஷேக்ஸ்பியரின் 'ஆறாம் ஹென்றி' முதல் பாகத்தில் அவள் சூனியக்காரி. சாவுக்குப் பயந்து வயிற்றில் பிள்ளை என்று பொய் சொல்கிறாள். எதிரி நாட்டான் எழுத்து அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு இடம் சுடும். தேடி வந்த இடையன் தகப்பனை அவள் யாரோ என்று தள்ள, அவனே இவளை எரியுங்கள் என்கிறான். அசல் ஜோன் விசாரணையில் சொன்னது இது: தான் படைவீரர்களோடு போவதாக அப்பா கனவு கண்டாராம், அப்படி நடந்தால் நீங்களே அவளைத் தண்ணீரில் மூழ்கடித்துவிடுங்கள் என்று அண்ணன் தம்பிகளிடம் சொன்னாராம்.