டயர்ல பட்டன் இருக்கு, ஆனா கிரிப் இல்ல – மேட்டுப்பாளையம் ரோட்டு டயர் கடை அனுபவம்

ரெண்டு மாசமா மண்டைய குடைஞ்சுட்டு இருந்த பிரச்சனைய முக்கா மணி நேரத்துல கண்டுபுடிச்சு குடுத்த கடைங்க, அதான் விலாவாரியா எழுதறேன். கோயம்புத்தூர்ல மேட்டுப்பாளையம் ரோட்டு மேலயே இருக்கு, ஒரு ஷட்டர், ஒரு அலைன்மென்ட் மெஷின், ஒரு அண்ணன், கூட ரெண்டு பசங்க, அவ்ளோதான்.

நம்ம வண்டி 2017 மாடல் பெட்ரோல் செடான், செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது, முன் வீல் டிரைவ். குன்னூருக்கு மழைல ஏறறப்ப பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவுல ஃபர்ஸ்ட் கியர் போட்டு மிதிச்சா முன் சக்கரம் சர்ர்ருன்னு சும்மா சுத்துது, வண்டி ஏறவே மாட்டேங்குது, டேஷ்போர்டுல கார் சறுக்கற மாதிரி இருக்குமே அந்த மஞ்ச லைட் மினுக்குது, பின்னாடி பஸ்காரர் ஹாரன் அடிக்கறாரு, பின்சீட்ல குழந்தைங்க. கை நடுங்கிப் போச்சு. கீழ வந்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டா ஸ்கேனர் மாட்டிப் பாத்துட்டு எரர் கோடு எதுவும் இல்ல, எதுக்கும் வீல் சென்சார் ரெண்டு மாத்திப் பாக்கலாம்னு 9,000 சொன்னாங்க. கோடே இல்லாம எதுக்கு மாத்தணும்னு கேட்டதுக்கு சரியா பதில் வரல.

இந்த அண்ணன் வண்டிய தொடவே இல்ல, முதல்ல கேள்விதான். "தம்பி, லைட் மினுக்குச்சா, நின்னு எரிஞ்சுதா?" மினுக்குச்சுன்னேன். அப்ப சென்சார் நல்லாத்தான் இருக்குன்னாரு. சக்கரம் வழுக்கறத சென்சார் பாத்து சொன்னாத்தான் சிஸ்டம் இன்ஜின் பவர குறைச்சு அந்த சக்கரத்துக்கு மட்டும் பிரேக் புடிக்கும், அப்ப வர்றதுதான் மினுக்கற லைட்டு, கோளாறுன்னா விடாம எரியும். அடுத்தது, காஞ்ச ரோட்லயும் சுத்துதா, எந்தப் பக்கம் சத்தம் வந்துச்சுன்னு கேட்டாரு. எனக்கு தெரியல, வீட்டுக்காரம்மாதான் என் பக்கந்தாங்கண்ணா கேட்டுச்சுன்னாங்க. நேரா இடது முன் டயர்கிட்ட போய் உக்காந்துட்டாரு.

அந்த டயர்ல பட்டன், அதான் ரோட்ட தொடற மேல்பக்க ரப்பர் கட்டைங்க, நல்லாவே இருந்துச்சு, கேஜ் வெச்சு அளந்தா 4 மில்லிமீட்டர், 1.6க்கு வந்தாத்தான் மாத்தியே ஆகணும். அதனாலதான் நானும் டயர சந்தேகப்படல. அவரு சைடுல முட்டை வடிவத்துக்குள்ள இருந்த நாலு நம்பர துணியால தொடைச்சுக் காட்டுனாரு, 4716. 2016ல 47வது வாரம் செஞ்ச டயர். "நகத்த வெச்சு அழுத்துங்க தம்பி"ன்னாரு, அழுத்துனா பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, நகம் இறங்கவே இல்ல. அதே வலது பக்கம் போன வருஷம் பங்ச்சர்ல கிழிஞ்சு மாத்துனது, அதுல அழுத்துனா லேசா இறங்குது. வயசாக வயசாக ரப்பர் இறுகிப் போயிரும், ஈர ரோட்ட புடிக்காது, மேடு ஏறறப்ப வெயிட்டு வேற பின்னாடி போயிரும், ரெண்டு முன் சக்கரத்துல எதுக்கு புடிப்பு கம்மியோ அதுதான் சும்மா சுத்தும்னு அவரு சொன்னப்பதான் எனக்கு எல்லாமே வெளங்குச்சு.

இன்னும் ரெண்டு கோளாறு இருந்துச்சு. காத்து 40 பிஎஸ்ஐ இருந்துச்சு, டிரைவர் கதவ தொறந்தா தெரியற ஸ்டிக்கர்ல 33தான் போட்டிருக்கு, மைலேஜ் வரும்னு நாந்தான் பங்க்ல ஏத்தி அடிக்க சொல்லுவேன், அது தப்பு. காத்து அதிகமானா டயர் நடுவுல மட்டும் ரோட்ட தொடும். அப்பறம் உள்ளங்கைய டயர் மேல குறுக்க தடவ சொன்னாரு, ஒரு பக்கமா தடவுனா வழவழன்னு போகுது, திருப்பி தடவுனா அரம் மாதிரி கைய புடிக்குது. டோ, அதாவது முன் சக்கரம் ரெண்டும் நேரா பாக்கற கோணம், விலகிருக்குன்னாரு. மெஷின்ல ஏத்திப் பாத்தா அதேதான்.

பின்னாடி ரெண்டும் அதே 2016 டயருங்கறதால நாலையும் மாத்திட்டேன், சைஸ் 185/65 ஆர்15, பேலன்சிங் அலைன்மென்ட் எல்லாம் சேத்து 22,400 ஆச்சு. வலது பக்கத்து டயர மட்டும் வெச்சுக்கலாமான்னு கேட்டதுக்கு, முன்னாடி ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும் தம்பின்னு அத பழைய டயர் விலைக்கு அவரே எடுத்துக்கிட்டாரு. காசு பத்தலன்னா ரெண்டு மட்டும் வாங்குங்க, ஆனா புதுச பின்னாடிதான் போடுவேன், முன்ன வழுக்குனா வண்டி நேரா போகும், பின்ன வழுக்குனா சுத்திரும்னாரு. சாதா காத்துக்கு பதிலா நைட்ரஜன் அடிக்கலாமான்னு கேட்டேன், சாதா காத்துலயே 78 சதவீதம் அதுதான், மாசம் ஒருக்கா காத்து பாருங்க போதும்னு அனுப்பிட்டாரு. விக்கத் தெரிஞ்சும் விக்காம விட்ட ஆளுங்க, அதுக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

குறைன்னா உக்கார எடமில்ல, வெயில்லயே நிக்கணும், பில்லு கேட்டு கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு, ஞாயித்துக்கிழமை மதியத்தோட ஷட்டர இறக்கிருவாங்க. காலைல 9 மணிக்கே போயிருங்க.

புது டயர் மேல ஒரு வழுவழுப்பு இருக்கும், முதல் 200 கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னதால பத்து நாள் ஊருக்குள்ளயே ஓட்டிட்டு போன சனிக்கிழமை நல்ல மழைல அதே வளைவுல ஏறுனேன், செகண்ட் கியர்ல மெதுவா மிதிச்சேன், புடிச்சு ஏறுச்சு, லைட் ஒருக்கா கூட மினுக்கல. வீட்டுக்கு வந்து டிக்கிய தொறந்து ஸ்டெப்னிய பாத்தா அதுலயும் 4716தான், அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் மறுபடி அவருகிட்டதான் போகணும்.