அத்தையுடன் ஒரு தேடல்: பெங்களூரில் மூன்று வாரங்கள்

கனடாவில் குடியேறி இருபத்தாறு ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், தாத்தா பிறந்ததற்கு எழுத்தில் ஒரு சான்றையாவது கண்டுவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் சென்ற தை மாதம் அல்சூரில் அத்தை வீட்டில் தங்கினேன். அத்தைக்கு எண்பத்து நான்கு வயது. தாத்தாவின் பிள்ளைகளில் இன்று இருப்பவர் அவர் ஒருவரே.

அவரிடம் உட்கார்ந்து பேசுவதற்கு முன்பே அரசு அலுவலகத்திற்குப் போனது என் தவறு. பிறந்த தேதி இல்லாமல் தேட இயலாது என்று இரண்டு நாள் அலைக்கழித்தார்கள். அங்கிருந்த முதிய எழுத்தர் ஒருவர் மட்டும், 1949 வரை தண்டும் (ஆங்கிலேயர் படை தங்கிய கன்டோன்மென்ட் பகுதி) பேட்டையும் (பழைய நகரம்) தனித்தனி நகராட்சிகளாக இருந்தன என்றும், எந்தப் பக்கத்தில் பிறந்தவர் என்பதை முதலில் விசாரித்து வருமாறும் பொறுமையாகச் சொன்னார்.

அன்று மாலை அத்தையைக் கேட்டேன். "உங்க தாத்தா பிளேக் வந்த வருஷம் பிளாக்பள்ளியில பிறந்தவருடா" என்றார். பெங்களூரில் பிளேக் பரவியது 1898-இல். பிளாக்பள்ளி என்பது இன்றைய சிவாஜிநகர். நான் அலைந்து தேடிய ஆண்டும் இடமும் வீட்டிலேயே இருந்தன.

கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் அடுத்து ஒரு பழைய பங்குக் கோவிலை நாடினோம். முன்கூட்டியே பங்குத்தந்தைக்குக் கடிதம் எழுதியதும், அத்தையை உடன் அழைத்துச் சென்றதும் பெரிதும் உதவின. படம் எடுக்க அனுமதியில்லை. ஆனால் மேசையும் நாற்காலியும் தந்து, வேண்டிய நேரம் பார்த்து எழுதிக்கொள்ள விட்டார்கள். அகரவரிசைப் பட்டியலில் தாத்தாவின் பெயர் கிடைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவேடு இலத்தீனில் எழுதப்பட்டது என்பதால், தமிழில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அதில் பெத்ருஸ் என்றும், அருளப்பன் யோவான்னெஸ் என்றும் இருப்பார்கள். வேதப்பெயரில் தேடச் சொன்னவரும் அத்தைதான். அதன்பின் பத்து நிமிடத்தில் தாத்தா கிடைத்தார்.

அந்த ஒரு வரியில் அவருடைய தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் ஆகிய நால்வரின் பெயர்களும் இருந்தன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறைக்கு மட்டும் நின்று, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது. ஆகவே, கொள்ளுப்பாட்டியின் பெயரை முழுதாக எழுத்தில் கண்டபோது அத்தை அதை இரண்டு முறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

வரியின் ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு இருந்தது. திருமணம் நடந்தால் அதை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் திருச்சபை விதி. அதன்படி, பாட்டியைத் தாத்தா மணந்தது கோலார் தங்கவயலில். பாட்டி வேலூர்ப் பக்கம் என்று மட்டுமே அத்தை கேள்விப்பட்டிருந்தார். சுரங்க வேலைக்காக ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அங்கே போன குடும்பங்களில் அவர்களும் ஒருவராக இருக்கலாம்.

தங்கவயல் வரை பயணம் செய்ய அத்தைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. எனவே அங்குள்ள பங்குத்தந்தைக்கு நான் கடிதம் எழுத, அதன் அடியில் அத்தை தம் பெயருடன் பாட்டியின் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார்.