குறளா, குறுந்தொகையா, கண்ணகியா: மனப்பாடத்துக்கு எது நிக்கும்?

மாமா பொண்ணு இந்த வருஷம் பத்தாவது. போன வாரம் போன் பண்ணி, "அண்ணா, செய்யுள்ல எதுண்ணா ஈஸி, எதை முதல்ல படிக்கிறது"ன்னு கேட்டா. பன்னெண்டாவது முடிச்சுட்டு வீட்ல இருக்கேன், நிதானமா யோசிச்சுப் பாத்தேன், பரீட்சை முடிஞ்சும் எனக்கு வாயில நிக்கிறது எது, நிக்காமப் போனது எதுன்னு. அந்தக் கணக்குதான் இது.

எல்லாரும் முதல்ல குறளைத்தான் சொல்லுவாங்க. ரெண்டே அடி, ஏழே சீர், இதுல என்ன கஷ்டம்னு. ஆனா பரீட்சைல குறளை எப்படிக் கேப்பாங்க? 'என முடியும் குறளை எழுதுக'. நாம படிச்சது முன்னாடியிலிருந்து, அவங்க கேக்கிறது வாலைப் புடிச்சு. 'உலகு'ன்னு முடியிற குறள் மட்டும் எத்தனை இருக்கு, 'ஆதி பகவன் முதற்றே உலகு' ஒண்ணு, 'வகைதெரிவான் கட்டே உலகு' ஒண்ணு, 'பெருமை உடைத்துஇவ் வுலகு' ஒண்ணு. இன்னொரு சிக்கலும் இருக்கு, ஒவ்வொரு குறளும் தனித்தனி ஆளு, ஒண்ணு முடிஞ்சா அடுத்தது என்னன்னு கை புடிச்சுக் கூட்டிட்டுப் போக நடுவுல கதை கிடையாது, அதனால ஒரு அதிகாரத்துல பத்தும் தெரிஞ்ச மாதிரி இருக்கும், எழுத உக்காந்தா எட்டுதான் வரும்.

ஆனா குறள் போரடிக்குதுன்னு யாராச்சும் சொன்னா நான் சண்டைக்கு வருவேன். எங்களுக்குப் பாடத்துல வந்தது அறத்துப்பாலும் பொருட்பாலும்தான், மூணாவது பால்ல இருக்கிற 25 அதிகாரத்தை நான் லைப்ரரில நின்னுக்கிட்டேதான் படிச்சேன். 132வது அதிகாரம் புலவி நுணுக்கம். அவன் தும்முறான், அவ வழக்கம்போல வாழ்த்துறா, உடனே "யாரு உங்களை நெனச்சா, எதுக்குத் தும்முனீங்க"ன்னு அழ ஆரம்பிச்சுடுறா. அடுத்த குறள்ல பாவம் அவன் தும்மலை அடக்குறான், அதுக்கும் அழுகை, "உங்க ஆளுங்க நெனக்கிறதை எங்கிட்ட மறைக்கிறீங்களா"ன்னு. ரெண்டு குறளும் ஒரே தடவை படிச்சேன், இன்னைக்கு வரைக்கும் மறக்கல. பக்கத்துப் பக்கத்துல கதை மாதிரி வந்ததாலதான் நின்னுச்சு.

அப்படிப் பாத்தா என் ஓட்டு சிலப்பதிகாரத்துக்குத்தான், அதுவும் வழக்குரை காதை, கண்ணகி பாண்டியன் சபையில போய் நியாயம் கேக்குற பகுதி. நீளம்தான், ஒத்துக்கிறேன். ஆனா எங்க தமிழம்மா அதை நடத்துன விதம் இருக்கே. நோட்ஸை மூடச் சொல்லிட்டு ஆளுக்கொரு வேஷம் குடுத்தாங்க. பாண்டியனுக்கு வெண்கொற்றக்குடையா அம்மாவோட கறுப்புக் குடை, செங்கோலுக்கு ஒரு மர ஸ்கேல். கண்ணகியா நின்ன பொண்ணு கையில ஒரு சின்ன டப்பா, அதுதான் சிலம்பு, உள்ள மாணிக்கத்துக்கு பதிலா புளியங்கொட்டை. அவ டப்பாவைத் தரையில போட்டா, மூடி தெறிச்சு கொட்டை எல்லாம் உருண்டு பாண்டியன் கால்கிட்டயே போச்சு. அம்மா 'தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்'னு மெதுவா சொல்ல, அவன் குடையைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குறான், ஸ்கேல் கையிலிருந்து நழுவுது, 'யானோ அரசன் யானே கள்வன்'னு சொல்லிட்டு பெஞ்ச்சுல சாஞ்சுட்டான். சிரிச்சுக்கிட்டு இருந்த கிளாஸ் அப்படியே அடங்கிப்போச்சு. அந்த அடிக்கு அர்த்தம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியே வரல.

கண்ணகி பேசுறதும் சும்மா இல்ல. நீ யாரும்மான்னு ராஜா கேக்குறான், அவ எடுத்த எடுப்புலயே 'தேரா மன்னா'ங்கிறா, விசாரிக்காத ராஜாவேன்னு! அப்புறம்தான் எங்க ஊரு எப்படிப்பட்ட ஊரு தெரியுமா, புறாவுக்காகத் தன்னையே குடுத்தவன் ஆண்ட ஊரு, பசுவுக்காகப் பெத்த புள்ளையவே தேர்க்கால்ல இட்டவன் ஆண்ட ஊருன்னு அடுக்கிட்டு, புருஷனைப் பத்திச் சொல்லிட்டு, கடைசியிலதான் தன் பேரே வருது. இதுல எல்லாரும் தப்பு விடுற இடம் ஒண்ணு உண்டு. 'வாயில் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர்'. முதல் கடைமணி வாசல்ல தொங்குற மணி, ரெண்டாவது பசுவோட கண்ணு ஓரம். இது தெரியாம உருப்போட்டா ஒரு அடி காணாமப் போயிடும். தெரிஞ்சுட்டா, மணி அடிக்கிறதும் பசு அழுகிறதும் ஒண்ணா கண்ணுல வந்துரும், அப்புறம் விடவே விடாது.

கம்பரைப் பத்தி ஒரே வரி சொல்றேன், 'மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ'ன்னு அடுக்கிக்கிட்டே வந்து, ராமனோட அழகுக்கு ஒப்பிட ஒண்ணும் கிடைக்காம 'ஐயோ'ங்கிறாரு பாருங்க, அந்தப் பாட்டை வாய்விட்டுப் பாடினா ரெண்டு நாள்ல வந்துரும்.

கண்ணகிக்கு நெஜமான போட்டின்னா குறுந்தொகைதான். பாட்டு சின்னது, பெரும்பாலும் நாலுலேருந்து எட்டு அடி. எல்லாருக்கும் 40வது பாட்டு தெரியும், செம்மண்ணுல மழைத்தண்ணி கலந்த மாதிரி. எனக்குப் புடிச்சது 167, கூடலூர் கிழார் எழுதினது. புதுசாக் கல்யாணமான பொண்ணு கட்டித்தயிரை விரலால பிசையிறா, அந்தக் கையைச் சேலையிலயே துடைச்சுக்கிட்டு அதை மாத்தக்கூட நேரமில்லாம அடுப்புகிட்ட நிக்கிறா, தாளிக்கிற புகை கண்ணுல ஏறுது. புருஷன் சாப்பிட்டுட்டு 'இனிது'ங்கிறான். அவ முகம் லேசா, ரொம்ப லேசா மலருது. 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. அவ்வளவுதான் பாட்டு, ஆறு அடி. கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து "அவன் ஏன் ஒத்தாசை பண்ணல"ன்னு கேட்டா, நல்ல கேள்வி, பீரியட் முழுக்க அதே பேச்சு. எங்க வீட்ல மோர்க்குழம்பு தாளிக்கும்போதெல்லாம் 'குய்ப்புகை'ங்கிற வார்த்தை தானா வருது.

ஆனாலும் குறுந்தொகையில ஒரு கஷ்டம். 'கழாஅது உடீஇ' மாதிரி அளபெடை, அதாவது நெடில் நீண்டு பக்கத்துல குறில் எழுத்தும் சேர்ந்து வர்ற இடத்துல எழுத்து பிசகும், சொல்லும்போது சரியா வரும், எழுதும்போது அந்தச் சின்ன அ காணாமப் போகும். அடிமாறாமல் எழுதுகன்னு கேக்குற பரீட்சைக்கு அது ஆபத்து. சிலம்புல நீளம் ஜாஸ்தின்னாலும் ஒரு அடி அடுத்த அடியை இழுத்துட்டு வந்துரும்.

அதனால அவகிட்ட சிலம்புலேருந்தே ஆரம்பிக்கச் சொல்லிட்டேன். குறளை தினம் ரெண்டு, அதையும் கடைசிச் சீர்லேருந்து பின்னாடியா ஒரு தடவை சொல்லிப் பாக்கணும். "வழக்குரை காதையை உக்காந்து படிக்காத, எழுந்து நின்னு சத்தமா படி, வீட்ல குடை இருக்குல்ல, அதைத் தம்பி கையில குடு"ன்னேன்.