ஆழமான வெட்டுக்கு க்விக்கிளாட் காஸ்: வீட்டு முதலுதவிப் பெட்டியில் வைக்கலாமா?

வைக்கலாம். க்விக்கிளாட் என்பது ரத்தத்தைச் சீக்கிரம் உறையவைக்கும் பொருள் ஏற்றிய காஸ், அதாவது காயத்துக்கு வைக்கும் வலைத்துணி. ஆனால் சாதாரண ஸ்டெரைல் ரோல் காஸ் மூன்று, 10 செ.மீ. கிரேப் பேண்டேஜ் இரண்டு, நைட்ரைல் கையுறை ஆகியவற்றை வாங்கிய பிறகுதான் இது. கடைகளில் கிடைக்கும் ஆயத்த முதலுதவிப் பெட்டிகளில் பிளாஸ்டர்தான் நிறைந்திருக்கிறது. கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் அது எதற்கும் உதவாது.

இந்த காஸில் கயோலின் என்ற வெண்களிமண் ஏற்றப்பட்டிருக்கிறது. ரத்தம் பட்டதும் அது பன்னிரண்டாம் உறைகாரணியை (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்று) தூண்டி, உறைதலை விரைவுபடுத்துகிறது. இதே பெயரில் முதலில் வந்தது ஜியோலைட் என்ற தாதுவின் துகள். அது ரத்தத்தோடு சேர்ந்ததும் சூடேறித் திசுவைச் சுட்டது. இப்போதைய காஸில் அந்தக் குறை இல்லை. ஆனாலும் பழைய துகள் பாக்கெட் எங்காவது மலிவாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். இதன் ‘காம்பாட் காஸ்’ வகை 7.5 செ.மீ. அகலம், சுமார் 3.7 மீட்டர் நீளம். மடித்து வைத்த துணி சிக்காமல் உருவி வருவதும், எக்ஸ்ரேயில் தெரியும் இழை உள்ளே இருப்பதும் பெரிய பலம்.

இதைக் காயத்தின் மேலே போர்த்தினால் பயனில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத விஷயம். தேங்கிய ரத்தத்தை முதலில் துடைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காஸின் நுனியை விரலால் அந்த இடத்திலேயே அழுத்தி, விரலை எடுக்காமல் மற்ற கையால் அடுத்த மடிப்பைத் திணியுங்கள். பள்ளம் நிறைந்து மேலே மேடாக வரும்வரை திணிக்க வேண்டும். பிறகு முழங்கையை மடக்காமல், உடல் எடை முழுதும் இறங்கும்படி 3 நிமிடம் அழுத்துங்கள். சாதாரண காஸ் என்றால் 10 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் ஒரு நிமிடமே ஐந்து நிமிடம்போலத் தோன்றும்.

நின்றுவிட்டதா என்று இடையில் தூக்கிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. உருவாகிவரும் உறைகட்டி காஸோடு சேர்ந்து பிய்ந்துவிடும். நனைந்துவிட்டால் மேலே இன்னொன்று வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். அடுக்கிக்கொண்டே போகவும் கூடாது. துணி தடித்தால் அழுத்தம் பரவிவிடும், ரத்தக்குழாயின் மேல் இறங்காது.

நின்றதும் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, அந்தக் கை அல்லது காலின் நகத்தை ஒரு கணம் அழுத்திவிட்டு, உங்கள் விரலை எடுங்கள். சுமார் இரண்டு நொடியில் நிறம் திரும்பாவிட்டால் கட்டு அதிகம் இறுகியிருக்கிறது. திணித்த காஸை வீட்டில் உருவக்கூடாது. மருத்துவமனைக்குப் போகும்போது காலி உறையையும் கொண்டுபோங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மார்பு, வயிறு, மண்டை, கண் ஆகிய இடங்களில் இதைத் திணிக்கவே கூடாது. கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தி நின்றால் பிடுங்காமல் இருபுறமும் அழுத்துங்கள். கை, காலில் ரத்தம் பீறிட்டு அடித்தால் டூர்னிக்கே, அதாவது சுற்றி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டைதான் முதல் கருவி. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை இறுக்கி, நேரத்தை எழுதி வையுங்கள், தளர்த்தாதீர்கள். அதற்குப் பதில் மெல்லிய கயிற்றைக் கட்டினால் அது சதையை அறுக்குமே தவிர ரத்தக்குழாயை அடைக்காது. அப்போதே ஆம்புலன்ஸை அழைத்துவிட வேண்டும்.

வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர் வீட்டில் இருந்தால் கைட்டோசான் ஏற்றிய சீலாக்ஸ் காஸ் நல்ல தேர்வு. அது உடலின் உறைகாரணிகளை நம்பியிருப்பதில்லை, ரத்த அணுக்களையே ஒட்டவைத்துக் கூழாக்குகிறது. மூலப்பொருள் இறால், நண்டு ஓடு என்பதால் அந்த ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு வாங்கட்டும்.

குறை என்றால், பயிற்சி இல்லாத கையில் இந்தத் துணி வீண். சாதாரண ரோல் காஸையும், நடுவில் கீறிய தடித்த ஸ்பாஞ்சையும் வைத்துத் திணித்துப் பழகுங்கள். காலாவதித் தேதியையும் அவ்வப்போது பாருங்கள்.

ரத்தம் நின்றாலும், விரல் மடங்காமலோ நுனி மரத்தோ இருந்தால் தசைநாண் அல்லது நரம்பு அறுபட்டிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். வாய் பிளந்த காயத்துக்கும் தையலை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். அழுக்கான காயமென்றால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும்.