300 வின்மேக்: எட்டு வருஷம் வாங்கிய உதை

300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா போடும் இந்த ரைஃபிள் சுடும்போது தோளில் கொடுக்கும் உதையைக் குறைக்க எட்டு வருஷமாக நான் செலவழித்த பணத்துக்கு, அவ்வளவாக உதைக்காத இன்னொரு ரைஃபிளே வாங்கியிருக்கலாம். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டு தோளைத் தடவிக்கொண்டிருப்பவர்களுக்காக மீதியை எழுதுகிறேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில், கேன்டர்பரி பக்கம். வௌவாலை விட்டால் நிலத்தில் வாழும் பாலூட்டி எதுவும் இந்த நாட்டுக்குப் பூர்வீகம் இல்லை. மான், தார் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. தார் என்பது இமயமலை ஆடு. பார்க்க நம் நீலகிரி வரையாட்டின் ஜாடை. 1904-இல் மவுண்ட் குக் பக்கத்தில் சிலவற்றை அவிழ்த்துவிட்டார்கள், இன்று மலைச்செடிகளை மேய்ந்து தீர்க்கின்றன. ஊரில் வரையாட்டைத் தொட்டால் ஜெயில். இங்கே அதே ஜாடையில் உள்ளதைச் சுடுங்கள் என்று அரசே சொல்கிறது. முதல் வருஷம் எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

2017-இல் லைசென்ஸ் கிடைத்த கையோடு, பழைய 300 வின்செஸ்டர் மேக்னம் ஒன்றை வாங்கினேன். "மலையில் தூரத்துக்குச் சுட வேண்டிவரும், பெரிதாகவே எடுத்துக்கொள்" என்று கடையில் சொன்னார்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து 3.4 கிலோ. தூக்கிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருந்தது. அதில்தான் மயங்கினேன்.

பள்ளிக்கூடத்தில் உந்த அழிவின்மைக்கு உதாரணமாக ஒரு துப்பாக்கிக் கணக்கு வருமே, அதைப் போட்டுப் பார்த்திருந்தால் தப்பியிருப்பேன். 11.7 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 900 மீட்டரில் போகிறது. பாடப்புத்தகம் அதோடு விட்டுவிடும். ஆனால் உள்ளே எரியும் நாலரை கிராம் வெடிமருந்தும் வாயுவாகி அதே குழல் வழியாகத்தான் வெளியேறுகிறது, அதுவும் குண்டைவிட வேகமாக. மொத்த உந்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த வாயுவுடையது. எல்லாவற்றையும் கூட்டினால் ரைஃபிள் நொடிக்கு 5 மீட்டருக்கு மேலான வேகத்தில் தோளுக்கு வருகிறது. ஆற்றல் 45 ஜூல் அளவில் நிற்கும். அதே எடையுள்ள ரைஃபிளில் இதைவிடச் சிறிய 308 வின்செஸ்டர் தோட்டா போட்டால் 24 ஜூல். பாதிதான்.

முதல் சீசனிலேயே ரங்கிடாட்டா ஆற்றின் மேல்பகுதியில் ஒரு தாரைப் பார்த்து, படுத்துக்கொண்டு செங்குத்தான சரிவில் மேல்நோக்கிச் சுட்டேன். மேலே சுடும்போது தலை தன்னால் முன்னே நகரும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே 9 சென்டிமீட்டராவது இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு அதில் பாதிகூட இல்லை. உதையில் ஸ்கோப் பின்னே வந்து இடித்து, புருவத்தில் பிறை வடிவில் நான்கு தையல். தார் நின்று நிதானமாக என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

காயம் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. கூட வேட்டைக்கு வரும் ஒரு வயதான பண்ணைக்காரர் அதை எளிதாகக் கண்டுபிடித்தார். சுடும் மைதானத்தில் எனக்குத் தெரியாமல் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தே இல்லாத ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகிக் கொடுத்தார். விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை இரண்டு அங்குலம் குனிந்தது, கண் இறுக மூடியிருந்தது. "குண்டு போவதற்கு முன்னாலேயே நீ உதை வாங்கிக்கொள்கிறாய், மேட்" என்றார். நூறு மீட்டரில் குண்டுகள் ஏன் சிதறுகின்றன என்பது அன்றுதான் புரிந்தது. ஸ்கோப்பைச் சந்தேகித்து அதற்குள் ஒன்று மாற்றியிருந்தேன்.

அப்புறம்தான் சாமான்கள் வாங்கும் படலம். முதலில், ரைஃபிளில் தோளோடு பதியும் பின்கட்டையின் மேல் காலுறை மாதிரி மாட்டும் ரப்பர் பேட். மைதானத்தில் டி-ஷர்ட்டோடு சுடும்போது சுகமாக இருந்தது. மலையில் குளிர்ச்சட்டையோடு தூக்கினால் அக்குளில் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் அது கட்டையை இரண்டரை சென்டிமீட்டர் நீட்டிவிட்டது. நானோ ஐந்தரை அடி. அதைக் கழற்றிவிட்டு, கட்டைமுனையில் நீளம் கூட்ட வைத்திருந்த ஸ்பேசர் தகடுகளையும் எடுத்துவிட்டு, பழைய கெட்டி ரப்பருக்குப் பதிலாக மென்மையான பேட் ஒன்றைத் திருகினேன். நீளம் எனக்குச் சரியாக வந்ததும் தோள்குழியில் பேட் முழுவதுமாகப் பதிந்தது. அதற்கு முன்பு கீழ்முனை மட்டும் எலும்பில் இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்தது எல்லாவற்றிலும் மலிவானது: கட்டையின் மேல் கன்னம் படும் இடத்தில் பட்டையால் கட்டும் ஒரு நுரைத் திண்டு, சுமார் 30 டாலர். என் ஸ்கோப் உயரமாக இருந்ததால் தாடை மட்டும்தான் கட்டையைத் தொட்டது. சுடும்போது கட்டை மேலெழும்பி கன்னத்தில் அறையும். திண்டு கட்டியதும் அறை நின்றுவிட்டது. தோளில் விழுவது ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனாலும் உதை கால்வாசி குறைந்ததுபோல் இருந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை, விலை கம்மி என்பதாலோ என்னவோ.

எடை கூட்டியும் பார்த்தேன். கட்டையின் உள்கூட்டில் ஈயச்சில்லு 300 கிராம், அசையாமல் இருக்க நுரையால் அடைத்து. ஆற்றல் எடைக்கு எதிர்விகிதம் என்பதால் கணக்குப்படி எட்டு சதவிகிதம் குறையும். தோளுக்கு அது தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறும்போது முழங்காலுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு சீசனோடு ஈயத்தை எடுத்துவிட்டேன்.

2019-இல் குழல்முனையில் மரை வெட்டி மஸில் பிரேக் மாட்டினேன். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் ஓட்டைகள் உள்ள சின்னக் குப்பி அது. முன்னே சொன்ன ஐந்தில் இரண்டு பங்கை அது பிடித்துத் திருப்புகிறது, அதனால் மேக்னத்தில்தான் அதற்கு மவுசு. உண்மையாகவே தோளில் விழுந்தது பாதியாயிற்று. ஆனால் சத்தம்! மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மூட்டை முடிச்சோடு இடம் மாறினார். மண்ணில் படுத்துச் சுட்டால் முகத்தில் புழுதி. ஒரு நாள் தாரைப் பார்த்த அவசரத்தில் காதடைப்பை மறந்து சுட்டுவிட்டேன். மூன்று நாள் காதில் விசில். பரிசோதனையில் இடது காதில் உயர்சுருதிக் கேட்பு குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். வலது தோளில் வைத்துச் சுடுபவர்களுக்கு இடது காதுதான் குழல் பக்கம் இருக்கும்.

உதை பாதியான பிறகும் வெற்றுத் தோட்டாச் சோதனையில் என் குழல்முனை குனிந்துகொண்டேதான் இருந்தது. முன்பைவிட மோசமாக. உடம்பு மிரண்டது இடிக்காக அல்ல, வெடிக்காக. அதற்குப் பிறகுதான் காதடைப்புக்கு மேல் காதுமூடியும் போட்டுச் சுட ஆரம்பித்தேன். அன்றே உதை குறைந்தது மாதிரி இருந்தது. ரைஃபிளில் எதையும் தொடவில்லை.

அதே மரையில் 2021-இல், வெடிச் சத்தத்தை அடக்கும் சப்ரெஸர் ஏறியது. நான் வாங்கியபோது இங்கே அதற்குத் தனி அனுமதி எதுவும் தேவைப்படவில்லை. மான் வேட்டைக்குப் போகும் பாதிப் பேர் கையில் இருக்கும். அமெரிக்காவில் 1934-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்துதான் வாங்க வேண்டும் என்றால் இங்கே சிரிப்பார்கள். என்னுடையது குழலின் மேல் பாதி மூடி உட்காரும் வகை, 420 கிராம். வாயு உள்ளே தடுப்புத் தகடுகளில் மோதி மெதுவாக வெளியேறுவதால் உதை மூன்றில் ஒரு பங்கு குறைந்த மாதிரி உணர்கிறேன். பிரேக் அளவுக்கு இல்லை. ஆனால் குத்தாக இருந்தது தள்ளலாக மாறிவிட்டது, வெடி 25 டெசிபெல்லுக்கு மேல் அடங்கிவிட்டது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் சாட்டைச் சொடுக்கு மாதிரி ஓர் ஓசை இருந்தே தீரும். காதடைப்பு இன்னும் போடுகிறேன்.

நான்கு வருஷப் பயன்பாட்டில் அதில் கண்ட குறைகளையும் சொல்ல வேண்டும். நீளம் புதரில் மாட்டுகிறது. அதற்காகக் குழலை 24 அங்குலத்திலிருந்து 20-க்கு வெட்டினேன், நொடிக்கு 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேகம் போயிற்று. பத்துத் தோட்டா அடுத்தடுத்துச் சுட்டால் சூட்டில் ஸ்கோப் முன்னால் கானல் ஆடும். சுட்டு முடித்ததும் கழற்றி உலர்த்த வேண்டும்; ஒருமுறை ஈரத்தோடு இரண்டு வாரம் உறையில் விட்டுவிட்டேன், குழல்முனையில் துரு. மாட்டினால் குண்டு ஓரிடத்தில் படும், கழற்றினால் வேறிடத்தில். மரை தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் திருகிப் பார்ப்பது பல் துலக்குவது மாதிரிப் பழக்கமாகிவிட்டது.

இலேசான குண்டு போடு, உதை குறையும் என்பார்கள். 9.7 கிராம் குண்டு வாங்கிச் சுட்டேன். முழு மருந்தோடு வரும் பெட்டி என்றால் குண்டு இலேசாக இருந்தாலும் வேகம் கூடிவிடுகிறது, மருந்து அதே அளவு. உந்தம் கிட்டத்தட்ட அங்கேயே நிற்கிறது. உதை குறைத்துத் தயாரித்தது என்று பெட்டியிலேயே போட்டிருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

செலவே இல்லாமல் பலன் தந்தது மேசையிலிருந்து எழுந்ததுதான். மைதானத்தில் மேசைமேல் குனிந்து உட்கார்ந்தால் உடம்பு பின்னே போக வழியில்லை, மொத்தத்தையும் தோளே வாங்குகிறது. குறி சரிபார்க்க மட்டும் மேசை, அதுவும் ஐந்து தோட்டா. மீதிப் பயிற்சியெல்லாம் நின்றும் உட்கார்ந்தும், சின்னத் தோட்டா போடும் 22 ரைஃபிளில். மேக்னத்தில் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சுடுவதில்லை. இரண்டு வருஷம் இப்படி ஓட்டிய பிறகு, பண்ணைக்காரர் மறுபடி வெற்றுத் தோட்டாவைச் செருகியபோது குழல்முனை அசையவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்.

போன ஏப்ரலில், ஆண் செம்மான்கள் கத்தும் பருவத்தில், பண்ணைக்காரருடைய ரைஃபிளை, மேக்னத்தைவிடச் சிறிய 7 எம்எம்-08 தோட்டா போடுவதை, இரவல் வாங்கிப் போனேன். 220 மீட்டரில் ஒரு செம்மான். சுட்ட பிறகும் மான் ஸ்கோப்புக்குள்ளேயே இருந்தது, அது விழுந்ததை நானே பார்த்தேன். எட்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

இப்போது 300-ஐ விற்கலாம் என்று விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல பேட், கன்னத் திண்டு, 20 அங்குலக் குழல், ரைஃபிள் பதிவேட்டில் ஏறியது, சப்ரெஸர் தனி விலை. பிரேக் வேண்டுமென்றால் இலவசம். "உதை?" என்று ஒரு பையன் அதற்குள் கேட்டு அனுப்பியிருக்கிறான். உயரம் எவ்வளவு, முன்னே என்ன சுட்டிருக்கிறாய் என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன்.